மேசைக் கணினி மென்பொருளும் திரைவாசிப்பானும்: சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, செவ்வாய்ப்பேட்டை மண்டி, ஏற்காட்டுக் காபித் தோட்டம் என்று சேலத்தில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் கணக்கு எழுதப்படுவது ஏதோ ஒரு மேசைக் கணினி மென்பொருளில்தான். அவற்றுள் பல, இந்த ஊரிலேயே நான்கைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிறு நிறுவனங்களில் எழுதப்பட்டவை. பார்வையற்ற ஒருவர் அங்கே கணக்கராகச் சேர வந்தால், தகுதி எல்லாம் இருந்தும் அவரைத் தடுத்து நிறுத்துவது பெரும்பாலும் அந்த மென்பொருளாகவே இருக்கிறது. நிரல் எழுதுவோரும், கடை நடத்துவோரும், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளைப் பயன்படுத்துவோரும் என்னிடம் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

திரைவாசிப்பான் திரையில் இருப்பதை எப்படிப் படிக்கிறது?

திரையில் தெரியும் படத்தைத் திரைவாசிப்பான் பார்ப்பதே இல்லை. இயங்கிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும் தன் சாளரத்துக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை ஒரு மர அமைப்பாக இயங்குதளத்தின் வழியே வெளியிடுகிறது. அந்த மரத்தைக் கேட்டு வாங்கித்தான் திரைவாசிப்பான் பேசுகிறது. மரத்தின் ஒவ்வொரு கணுவும் ஒரு பட்டனாகவோ உரைப்பெட்டியாகவோ அட்டவணையின் ஒரு கட்டமாகவோ இருக்கும். தன் பெயர் என்ன, தான் எந்த வகை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, தன்னிடம் உள்ள மதிப்பு என்ன என்பவற்றை அது சொல்ல வேண்டும். கொலுசுக் கடையின் பில் திரையில் டேப் விசையை அழுத்தியதும் "நிகர எடை, உரைப்பெட்டி, 125.500" என்று குரல் கேட்டால் எல்லாம் சரியாக வந்திருக்கிறது. "உரைப்பெட்டி" என்று மட்டும் கேட்டால் பெயர் வரவில்லை. ஒன்றுமே கேட்காவிட்டால் பெரும்பாலும் அந்த இடத்தில் கணுவே இல்லை.

மரம் மட்டும் போதாது. ஃபோகஸ் (விசைப்பலகை அப்போது இயக்கும் இடம்) நகரும்போதும், மதிப்பு மாறும்போதும், செக்பாக்ஸில் குறி விழும்போதும் நிரல் உடனுக்குடன் ஒரு நிகழ்வை அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வராவிட்டால் மரம் எவ்வளவு சரியாக இருந்தாலும் திரைவாசிப்பான் பழைய இடத்திலேயே நின்றுகொண்டிருக்கும்.

தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. டாஸ் காலத்தில் திரையின் எழுத்துகள் அப்படியே நினைவகத்தில் வரிசையாகக் கிடந்ததால், 1989-இல் வந்த ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்கள் அவற்றை நேரடியாக எடுத்துப் படித்தன. விண்டோஸ் வந்து எல்லாம் வரைபடமாகிவிட்ட பிறகு, நிரல்கள் திரையில் வரையச் சொல்லிக் கொடுக்கும் கட்டளைகளை இடைமறித்து, எந்த எழுத்து எங்கே வரையப்பட்டது என்று தனியே குறித்து வைத்துக்கொள்ளும் முறையைக் கையாண்டார்கள். வரையும் முறை மாறிய போதெல்லாம் அது உடைந்தது. நிரலே தன்னைப் பற்றிச் சொல்லட்டும் என்ற ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 1997-இல் ஆக்டிவ் அக்சஸிபிலிட்டி என்ற பெயரில் கொண்டுவந்தது. இன்று எல்லா இயங்குதளங்களும் அந்த வழியில்தான் செல்கின்றன.

இதில் டூல்கிட்டுக்கு என்ன வேலை?

மரத்தைக் கட்டித் தருவது, பட்டன், உரைப்பெட்டி போன்றவற்றை ஆயத்தமாகத் தரும் நிரல் தொகுப்பான டூல்கிட்தான். க்யூட்டி, ஜிடிகே, விண்டோஸ் ஃபார்ம்ஸ் போன்ற ஒன்றிலிருந்து ஆயத்தமாக ஒரு பட்டனை எடுத்துத் திரையில் வைக்கும்போது, அதன் வகை, நிலை, அழுத்தினால் என்ன நடக்கும் என்ற செய்திகள் எல்லாம் அதனுள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. நிரலாளர் தனியாக ஒரு வரியும் எழுத வேண்டியதில்லை. அவர் செய்ய வேண்டியதெல்லாம் பெயர் கொடுப்பது, டேப் வரிசையை ஒழுங்குபடுத்துவது, தானே வரைந்த கன்ட்ரோல் (பட்டன், பெட்டி போன்ற திரை உறுப்பு) ஏதேனும் இருந்தால் அதற்கான கணுவைச் சேர்ப்பது ஆகிய மூன்றுதான். இந்த மூன்றையும் செய்யாத மென்பொருளை எவ்வளவு விலை உயர்ந்த திரைவாசிப்பானாலும் பேச வைக்க முடியாது.

ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் முறை வேறா?

வேறுதான். விண்டோஸில் மட்டுமே மூன்று முறைகள் அருகருகே இயங்குகின்றன: மேலே சொன்ன ஆக்டிவ் அக்சஸிபிலிட்டி, அதன் போதாமைகளை நிரப்ப ஐபிஎம் 2006-இல் முன்வைத்த ஐஅக்சஸிபிள்2, விஸ்டா காலத்தில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த யூஐ ஆட்டோமேஷன். லிப்ரே ஆஃபிஸ் இன்றும் விண்டோஸில் ஐஅக்சஸிபிள்2 வழியாகத்தான் பேசுகிறது. மேக் கணினியில் என்எஸ்அக்சஸிபிலிட்டி என்ற ஒரே வாசல். 2005-இல் டைகர் பதிப்புடன் வந்த வாய்ஸ்ஓவர் அதைப் பயன்படுத்துகிறது. லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ.

நிரலாளர் இந்த வாசல்கள் எல்லாவற்றையும் கற்க வேண்டும் என்பதில்லை. நல்ல டூல்கிட் ஒன்றே உள்ளுக்குள் மொழிபெயர்த்துக்கொள்கிறது. க்யூட்டியில் ஒருமுறை கொடுத்த பெயர் விண்டோஸில் யூஐ ஆட்டோமேஷனுக்கும், லினக்ஸில் ஏடி-எஸ்பிஐக்கும், மேக்கில் என்எஸ்அக்சஸிபிலிட்டிக்கும் போய்ச் சேர்கிறது.

எங்கள் கடை பில்லிங் மென்பொருள் விஷுவல் பேசிக் 6-இல் எழுதியது. உரைப்பெட்டிக்குப் போனால் பெயரே சொல்வதில்லை. ஏன்?

சேலத்தில் மிக அதிகமாக எனக்கு வரும் கேள்வி இதுதான். காரணம் தெளிவானது. விண்டோஸின் பொது ஏற்பாட்டில், ஓர் உரைப்பெட்டிக்குத் தனியாகப் பெயர் கொடுக்கப்படாவிட்டால், வரிசையில் அதற்கு முன்னால் இருக்கும் லேபிள் சாளரத்தின் எழுத்துகள் அதன் பெயராக எடுத்துக்கொள்ளப்படும். விஷுவல் பேசிக் 6-இன் உரைப்பெட்டிக்குத் தனிச் சாளரம் உண்டு. அதன் லேபிளுக்குக் கிடையாது. லேபிள் என்பது ஃபார்மின் மேல் நேரடியாக வரையப்படும் எழுத்து மட்டுமே. ஆகவே "சேதாரம்", "கூலி", "டச்" என்று கண்ணுக்குப் பளிச்செனத் தெரியும் மூன்று லேபிள்களும் மரத்தில் இடம்பெறுவதில்லை. அவற்றின் அருகே உள்ள மூன்று பெட்டிகளும் பெயரில்லாமல் நிற்கின்றன. படத்தை வைத்துப் பட்டனாகப் பயன்படுத்தும் இமேஜ் கன்ட்ரோலுக்கும் இதே கதிதான். அது ஃபோகஸையும் ஏற்காது என்பதால் டேப் விசையால் அங்கே போகவும் முடியாது.

மூல நிரல் கையில் இருந்தால், இமேஜ் கன்ட்ரோல்களை எடுத்துவிட்டு உண்மையான கமாண்ட் பட்டன்களை வைப்பது முதல் வேலை. அடுத்து, உரைப்பெட்டிகளுக்கு டைனமிக் அனோடேஷன் என்ற வசதியின் வழியாகப் பெயர் ஒட்டலாம். சாளரக் கைப்பிடி எண்ணைக் கொடுத்து "இந்தப் பெட்டியின் பெயர் கூலி" என்று விண்டோஸிடம் பதிவு செய்யும் ஏற்பாடு அது. சி++ மொழியில் ஒரு சிறு டிஎல்எல் எழுதி, ஃபார்ம் திறக்கும்போது அதை அழைத்தால் போதும். மென்பொருளை முழுவதுமாகத் திருப்பி எழுத இயலாத நிறுவனங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே.

எழுதியவர் தொழிலை விட்டுப் போய்விட்டார், மூல நிரலும் இல்லை என்றால், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானுக்கு அந்த ஒரு மென்பொருளுக்கென்றே பைத்தானில் ஒரு துணை நிரல் எழுதலாம். எந்தக் கன்ட்ரோல் எண்ணுக்கு என்ன பெயர் சொல்ல வேண்டும் என்று அதில் குறிப்பிட்டால், அந்த மென்பொருள் திறந்திருக்கும்போது மட்டும் அது செயல்படும்.

புதிய டூல்கிட்களில் லேபிளையும் பெட்டியையும் எப்படி இணைப்பது?

விண்டோஸ் ஃபார்ம்ஸில் லேபிளின் டேப்இண்டெக்ஸ் எண்ணுக்கு அடுத்த எண்ணை அதற்குரிய உரைப்பெட்டிக்குக் கொடுத்தால், லேபிளின் எழுத்தே பெட்டியின் பெயராகிவிடும். ஃபார்மில் பெட்டிகளை இழுத்துப் போட்ட வரிசையிலேயே எண்கள் விழுந்திருக்கும் என்பதால், பிற்பாடு நடுவில் சேர்த்த "தள்ளுபடி" பெட்டி "கைப்பேசி எண்" என்று பேசுவதை அடிக்கடி காணலாம். தவறான பெயர் பெயரின்மையைவிடக் கேடானது. கேட்பவர் அதை நம்பி எண்ணை அடித்துவிடுவார். லேபிள் இல்லாத இடங்களில் அக்சஸிபிள்நேம் பண்பில் நேரடியாகப் பெயர் எழுத வேண்டும். மைக்ரோசாஃப்டின் இன்னொரு டூல்கிட்டான டபிள்யூபிஎஃபில் லேபிளின் டார்கெட் பண்பும், ஆட்டோமேஷன்ப்ராப்பர்ட்டீஸ் தொகுதியின் நேம், லேபிள்ட்பை பண்புகளும் இந்த வேலையைச் செய்கின்றன.

க்யூட்டியில் க்யூலேபிளின் செட்படி என்ற செயற்கூறு; க்யூஃபார்ம்லேஅவுட்டில் பெயரையும் பெட்டியையும் ஒரே வரியாகச் சேர்த்தால் இந்த இணைப்பு தானாகவே ஏற்பட்டுவிடும். ஜிடிகேவில் லேபிளுக்கு நெமோனிக் விட்ஜெட்டைக் குறிப்பிட வேண்டும். ஜாவா ஸ்விங்கில் ஜேலேபிளின் செட்லேபிள்ஃபார்.

மென்பொருளின் மேற்பட்டையில் வரிசையாக இருக்கும் படப் பட்டன்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அச்சுப்பொறி, குப்பைத்தொட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி என்று கண்ணுக்கு விளங்கும் ஏழெட்டுப் படங்கள், காதுக்கு "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டுமே வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுத ஒரு பிற்பகல்கூட ஆகாது. குப்பைத்தொட்டி எது, அச்சு எது என்று தெரியாமல் ஒருவரை அழுத்தச் சொல்வது பணியிடத்தில் செய்யக்கூடிய காரியம் அல்ல.

புதிதாக ஒரு மென்பொருள் தொடங்குகிறோம். எந்த டூல்கிட்டை எடுக்கலாம்?

விண்டோஸில் மட்டும் ஓடப்போகிற கணக்கு மென்பொருள் என்றால் விண்டோஸ் ஃபார்ம்ஸோ டபிள்யூபிஎஃபோ போதுமானவை. இரண்டிலும் ஆயத்தக் கன்ட்ரோல்கள் நன்றாகவே பேசுகின்றன. பல இயங்குதளங்களில் ஓட வேண்டுமானால் என் முதல் தேர்வு க்யூட்டியின் விட்ஜெட்கள். 5.11 பதிப்பிலிருந்து அது விண்டோஸில் யூஐ ஆட்டோமேஷனைப் பயன்படுத்துகிறது. க்யூஎம்எல் வழியில் எழுதினால், நீங்களே செவ்வகமும் மவுஸ் ஏரியாவும் வைத்துச் செய்த பட்டன்களுக்கு அக்சஸிபிள் என்ற இணைப்புப் பண்பில் வகையையும் பெயரையும் மறக்காமல் எழுத வேண்டும்.

டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் அந்தந்த இயங்குதளத்தின் சொந்தக் கன்ட்ரோல்களையே எடுத்து வைப்பதால் பெரும்பாலான வேலை தானாக முடிந்துவிடுகிறது. என்விடிஏவின் சொந்த அமைப்புச் சாளரங்கள் டபிள்யூஎக்ஸ்பைத்தானில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. பார்வையற்றோர் நாள் முழுவதும் புழங்கும் ஒரு மென்பொருளை எழுதியோர் அதைத் தேர்ந்தது எனக்குப் போதுமான சான்று. எலக்ட்ரான் என்பது உள்ளே குரோமியம் உலாவியே என்பதால், இணையப் பக்கத்துக்குரிய விதிகள் அப்படியே பொருந்தும்: உண்மையான பட்டன் குறியையும் லேபிள் குறியையும் பயன்படுத்தினால் பேசும், எல்லாவற்றையும் வெறும் டிவ் குறியால் கட்டினால் பேசாது.

ஜிடிகேவைப் பற்றிச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். லினக்ஸில் அதன் அணுகல்தன்மை, அதாவது திரைவாசிப்பானுடன் பேசும் திறன், நெடுங்காலமாக ஏடிகே என்ற நூலகத்தின் வழியாகவே இயங்கியது. 2020 டிசம்பரில் வெளிவந்த ஜிடிகே 4 அதைக் கைவிட்டு, இணையப் பக்க அணுகல்தன்மைக்கான ஏரியா என்ற வரையறையை ஒட்டிய வகைகளையும் பண்புகளையும் ஏற்று, ஏடி-எஸ்பிஐயுடன் நேரடியாகப் பேசத் தொடங்கியது. ஆனால் விண்டோஸிலும் மேக்கிலும் ஜிடிகே மென்பொருள்கள் பல ஆண்டுகள் ஊமையாகவே இருந்தன. 2025 மார்ச்சில் வந்த 4.18 பதிப்பில், பின்னால் விளக்கப்படும் அக்சஸ்கிட் நூலகம் சேர்ந்த பிறகுதான் அங்கே வழி திறந்தது. எனவே விண்டோஸ் வாடிக்கையாளருக்கு ஜிடிகேவில் எழுதித் தருபவர் எந்தப் பதிப்பைச் சேர்த்துக் கட்டுகிறார் என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கல்லூரிப் புராஜெக்ட்டை டிக்கின்டரில் செய்கிறோம். அது போதாதா?

கற்றுக்கொள்ளப் போதும், வேலைக்குத் தர வேண்டாம். பைத்தானின் டிக்கின்டருக்கு அடியில் இருக்கும் டிகே டூல்கிட்டின் 8.6 பதிப்பு தன் கன்ட்ரோல்களைத் தானே வரைகிறது, அவற்றைப் பற்றித் திரைவாசிப்பானுக்கு எதுவும் சொல்வதில்லை. நிரலாளர் எவ்வளவு கவனமாக எழுதினாலும் அதற்குள் இருந்துகொண்டு இதைச் சரிசெய்ய இயலாது. பைத்தானையே பயன்படுத்த விரும்பும் மாணவர்கள் டபிள்யூஎக்ஸ்பைத்தானுக்கோ, க்யூட்டியைப் பைத்தானில் தரும் பைசைடுக்கோ மாறலாம்.

ஜாவா மென்பொருள் ஒரு கணினியில் பேசுகிறது, இன்னொன்றில் பேசவில்லை. என்ன காரணம்?

ஸ்விங்கில் எழுதிய மென்பொருள் விண்டோஸில் ஜாவா அக்சஸ் பிரிட்ஜ் வழியாகத்தான் திரைவாசிப்பானை அடைகிறது. ஜாவா 7-இன் 6-ஆம் புதுப்பிப்பிலிருந்து அது ஜாவாவுடனேயே வருகிறது என்றாலும், இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. கட்டளைச் சாளரத்தில் ஜாப்ஸ்விட்ச் என்ற நிரலை எனேபிள் என்ற விருப்பத்துடன் ஒருமுறை இயக்கிவிட்டு மென்பொருளை மீண்டும் திறக்க வேண்டும். பேசாத கணினியில் இது செய்யப்பட்டிருக்காது. ஜாவாஎஃப்எக்ஸில் எழுதியவற்றுக்கு இந்தப் பிரிட்ஜ் தேவையில்லை. 8-ஆம் பதிப்பின் 40-ஆவது புதுப்பிப்பிலிருந்து விண்டோஸிலும் மேக்கிலும் அது நேரடியாகப் பேசுகிறது.

கிரிட்டில் நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கின்றன. அவற்றை எப்படிப் படிக்க வைப்பது?

ஜவ்வரிசி ஆலையின் மரவள்ளிக் கிழங்குக் கொள்முதல் திரையை எடுத்துக்கொள்வோம். வண்டி எண், எடை, புள்ளி (மாவுச்சத்து அளவு), தொகை என்று பத்திகள். நாளுக்குப் பல வண்டிகள். கண்ணால் பார்ப்பவர் ஒரு கட்டத்தைப் பார்க்கும் அதே நொடியில் அது எந்தப் பத்தி, எந்த வண்டி என்பதையும் பார்த்துவிடுகிறார். காதால் கேட்பவருக்கு வெறுமனே "27" என்று கேட்டால் அது புள்ளியா, வரிசை எண்ணா, எடையின் ஒரு பகுதியா என்று தெரியாது. எனவே ஒவ்வொரு கட்டமும் தன் பத்தித் தலைப்பையும் வரிசை எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும். விண்டோஸ் ஃபார்ம்ஸின் டேட்டாகிரிட்வியூவும் க்யூட்டியின் க்யூடேபிள்வியூவும் இதைத் தாமாகவே செய்கின்றன. தலைப்பு வரியை மறைத்துவிட்டு, அழகுக்காக மேலே தனி லேபிள்களை அடுக்கி வைத்தால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

வெளியிலிருந்து விலைக்கு வாங்கிச் சேர்க்கும் கிரிட்களில்தான் சிக்கல் அதிகம். வாங்குவதற்கு முன் அதன் சோதனைப் பதிப்பை நிறுவி, என்விடிஏவை ஓடவிட்டு, அம்பு விசையால் கட்டம் கட்டமாக நகர்ந்து பாருங்கள். கட்டத்தைத் திருத்தும்போது தோன்றும் சிறு பெட்டி பேசுகிறதா, எஸ்கேப் அழுத்தினால் பழைய கட்டத்துக்கே திரும்புகிறதா என்பனவும் முக்கியம். இருப்பு குறைந்த வரியைச் சிவப்பு நிறத்தில் காட்டுவது மட்டும் போதாது. "இருப்பு குறைவு" என்று எழுத்தாக ஒரு பத்தியிலும் வர வேண்டும். நிறம் மரத்தில் பெயராகவோ நிலையாகவோ வருவதில்லை. நிறக்குருடு உள்ள பலருக்கும் இதனால் பயன் உண்டு.

நாங்களே வரைந்த கன்ட்ரோலை எப்படிச் சேர்ப்பது?

வரைவதற்கு முன், ஆயத்தக் கன்ட்ரோல் ஒன்றின் தோற்றத்தை மாற்றினால் வேலை முடியுமா என்று பாருங்கள், பெரும்பாலும் முடிந்துவிடும். வேறு வழியே இல்லை என்றால், விண்டோஸ் ஃபார்ம்ஸில் அக்சஸிபிள்ஆப்ஜெக்ட், டபிள்யூபிஎஃபில் ஆட்டோமேஷன்பியர், க்யூட்டியில் க்யூஅக்சஸிபிள்இன்டர்ஃபேஸ் ஆகிய அடிப்படை வகுப்புகளிலிருந்து உங்களுடையதை உருவாக்கி, வகை, பெயர், நிலை, இடம் ஆகியவற்றைத் திருப்பித் தர வேண்டும். விசைப்பலகையால் இயக்க முடிவதும், மாறும்போது நிகழ்வை அறிவிப்பதும் அதன் பகுதிகளே.

ரஸ்ட் போன்ற புதிய மொழிகளில் எல்லாவற்றையும் தாமே வரையும் டூல்கிட்கள் பல வந்துள்ளன. ஒவ்வொன்றும் மூன்று இயங்குதளங்களுக்கும் தனித்தனியே இதை எழுதுவது நடவாத காரியம் என்பதை உணர்ந்து, மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் அணுகல்தன்மைக் குழுவில் பணியாற்றிய மேட் கேம்ப்பெல் தொடங்கியதுதான் அக்சஸ்கிட். டூல்கிட் தன் மரத்தை ஒருமுறை அதனிடம் கொடுத்தால், யூஐ ஆட்டோமேஷன், என்எஸ்அக்சஸிபிலிட்டி, ஏடி-எஸ்பிஐ மூன்றுக்கும் அதுவே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஈகுய், ஸ்லின்ட் ஆகிய டூல்கிட்கள் அதை ஏற்றுக்கொண்டுள்ளன. கடந்த சில ஆண்டுகளில் இத்துறையில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தந்த முயற்சி இது.

"பில் சேமிக்கப்பட்டது" என்று கீழே ஒரு வரி தோன்றி மறைகிறது. அதை எப்படிச் சொல்ல வைப்பது?

ஃபோகஸ் அங்கே போகாததால் திரைவாசிப்பானுக்கு அது தெரியாது. சேமித்தாயிற்றா என்ற ஐயத்தில் அதே பில்லை இரண்டாவது முறையும் சேமிப்பவர்கள் உண்டு. இதற்கென்றே அறிவிப்பு நிகழ்வுகள் இருக்கின்றன: விண்டோஸில் யூஐ ஆட்டோமேஷனின் நோட்டிஃபிகேஷன் நிகழ்வு, ஜிடிகே 4.14 முதல் அனவுன்ஸ் செயற்கூறு, க்யூட்டி 6.8 முதல் அனவுன்ஸ்மென்ட் நிகழ்வு. பழைய பதிப்புகளில் இருப்போர், ஒரு சிறிய உரையாடல் பெட்டியைக் காட்டி என்டர் விசையால் மூடச் செய்யலாம்.

தமிழில் உள்ள மெனுவும் லேபிளும் சரியாகப் படிக்கப்படுமா?

யூனிகோடில் எழுதியிருந்தால் படிக்கப்படும். என்விடிஏவுடன் சேர்ந்து வரும் ஈஸ்பீக் என்ஜி தமிழ் பேசும். இயந்திரத்தனமான குரல் என்றாலும், எவ்வளவு வேகமாக ஓடவிட்டாலும் தெளிவு குலையாததால் பழகியவர்கள் அதையே விரும்புகிறார்கள். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் தமிழ் மொழிப் பொதியைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற இயல்பான ஆண் குரல் கிடைக்கும். என்விடிஏவில் ஒன்கோர் குரல்களைத் தேர்ந்தெடுத்தால் அதுவும் பட்டியலில் வரும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் எழுதிய லேபிள்கள்தான் பெருந்தடை. அந்த எழுத்துருவில் நாம் காண்பது தமிழ் வடிவம்; கோப்பில் இருப்பதோ ஆங்கில எழுத்தின் குறியீடு. "சேலம்" என்று திரையில் அழகாகத் தெரியும் சொல், மரத்தில் என், ஆர், வை, கே, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் இருக்கிறது. திரைவாசிப்பான் அதைத்தான் உச்சரிக்க முயல்கிறது. வாடிக்கையாளர் பெயர், ஊர், சரக்கு என்று தரவுத்தளம் முழுவதும் இப்படிப் பதிந்திருந்தால், லேபிளை மட்டும் மாற்றிப் பயனில்லை. தரவையும் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். அதற்கான மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற குறியீட்டையும் தன் தரமாக அறிவித்துவிட்டது. இன்றும் பழைய எழுத்துருவில் புதிய மென்பொருள் எழுதுவதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

விஷுவல் பேசிக் 6-இன் சொந்தக் கன்ட்ரோல்கள் யூனிகோடை ஏற்பதில்லை என்பதால் அங்கே பழைய எழுத்துருவைத் தவிர வழியில்லாமல் போனது. மேலே சொன்ன டைனமிக் அனோடேஷனில் பெயரை யூனிகோடில் கொடுக்க முடியும் என்பது இங்கே பெரிய உதவி.

லினக்ஸில் நிலைமை எப்படி?

ஓர்கா என்ற திரைவாசிப்பான் 2006-இல் லினக்ஸின் க்னோம் என்ற மேசைச்சூழலின் 2.16 பதிப்புடன் சேர்ந்தது. ஏடி-எஸ்பிஐயைப் போலவே அதுவும் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் தொடங்கியது. ஆரக்கிள் 2010-இல் சன்னை வாங்கிய பிறகு அந்த வேலையில் இருந்தோர் குறைந்துபோயினர். தன்னார்வலர்களும் இகாலியா போன்ற நிறுவனங்களும் தூக்கி நிறுத்தினர். கோர்பா என்ற பழைய அடித்தளத்திலிருந்து டி-பஸ்ஸுக்கு ஏடி-எஸ்பிஐ மாறியதால் க்யூட்டியும் அதில் எளிதாகச் சேர முடிந்தது. வேலேண்ட் என்ற புதிய திரைக்காட்சிச் சூழலில் ஓர்காவின் குறுக்கு விசைகள் சரியாக எட்டாதது நீண்ட நாள் குறை. 2025-இன் க்னோம் 48-இல் அது பெருமளவு தீர்ந்தது. க்னோமில் சூப்பர், ஆல்ட், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர்கா பேசத் தொடங்கும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே என்பதால், அதிலும் ஓர்காவை நிறுவிக்கொள்ளலாம்.

பார்வையுள்ள நிரலாளர் எப்படிச் சோதிப்பது?

மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு பில்லை முழுவதுமாகப் போட்டு அச்சிடுங்கள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் அதுவே முதல் பிழை. பிறகு என்விடிஏவை நிறுவி, கன்ட்ரோல், ஆல்ட், என் விசைகளால் தொடங்குங்கள். குரலைத் தொடர முடியாதவர்கள் அதன் கருவிகள் மெனுவில் ஸ்பீச் வியூயரைத் திறந்தால், பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடும். இப்போது டேப் விசையை அழுத்தி அழுத்திச் சென்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயரும் வகையும் வருகின்றனவா என்று பாருங்கள்.

மரத்தையே நேரில் காண விரும்பினால் விண்டோஸில் அக்சஸிபிலிட்டி இன்சைட்ஸ், லினக்ஸில் அக்சர்சைசர், மேக்கில் எக்ஸ்கோடுடன் வரும் அக்சஸிபிலிட்டி இன்ஸ்பெக்டர். கடைசியாக, திரையை அணைத்துவிட்டு நீங்கள் சோதிப்பது, அன்றாடம் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர் சோதிப்பதற்கு ஈடாகாது. அத்தகைய ஒருவரை, உரிய ஊதியம் கொடுத்து, விற்பதற்கு முன் ஒரு நாள் உட்கார வைத்துப் பாருங்கள்.

திரையைப் படம் பிடித்து எழுத்தைக் கண்டறியும் வசதி வந்துவிட்டதே, பிறகு எதற்கு இவ்வளவு பாடு?

அவசரத்துக்கு அது உதவும். என்விடிஏவிலேயே இன்செர்ட்டும் ஆர் விசையும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் அது தருவது அந்த நொடியின் எழுத்துகளை மட்டுமே. எந்தப் பெட்டியில் ஃபோகஸ் இருக்கிறது, எந்தச் செக்பாக்ஸில் குறி விழுந்திருக்கிறது, எந்தப் பட்டன் இப்போது இயங்காது என்பவற்றை அது உறுதியாகச் சொல்வதில்லை; ஒவ்வொரு விசைக்குப் பிறகும் மறுபடி படம் பிடிக்க வேண்டும். ஒரு நாளில் நூறு பில் போடும் இடத்தில் அது வேலைக்கு ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்ப அணுகலைப் பற்றியது. 46-ஆம் பிரிவு தனியார் சேவை நிறுவனங்களையும் அணுகல் விதிகளுக்குள் கொண்டுவருகிறது. மென்பொருளுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 17802. அதன் முதல் பகுதி 2021-இலும் இரண்டாம் பகுதி 2022-இலும் வந்தன. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் கூறியது. 2025 ஏப்ரலில் அளித்த மற்றொரு தீர்ப்பில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது. அரசுத் துறைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனங்கள் இவற்றை ஒப்பந்தம் போடும்போதே படித்துவிட வேண்டும்.

அணுகல்தன்மையைச் சேர்த்தால் மென்பொருள் மெதுவாகுமா?

பொதுவாக இல்லை. பெரும்பாலான டூல்கிட்கள், திரைவாசிப்பான் கேட்கும்போது மட்டுமே கணுக்களை உருவாக்குகின்றன. குரோமியம்கூட அப்படித்தான்.

ஏற்காட்டில் எங்கள் தோட்ட அலுவலகத்தில் இணையம் நிலையாக இல்லை. அங்கே திரைவாசிப்பான் ஓடுமா?

ஓடும். என்விடிஏ இலவசம், அதற்கு இணைய இணைப்பும் தேவையில்லை. ஈஸ்பீக்கின் தமிழ்க் குரல் அதனுள்ளேயே இருக்கிறது. வள்ளுவர் குரல் வேண்டுமென்றால் மட்டும், மொழிப் பொதியைச் சேலத்தில் இருக்கும்போதே இறக்கிக்கொள்ள வேண்டும். என்விடிஏவை நிறுவாமலே பென்டிரைவில் போட்டு எடுத்துச் சென்று எந்தக் கணினியிலும் இயக்கலாம் என்பதால், வேலைக்கு வருபவரே தன் அமைப்புகளுடன் கொண்டுவர முடியும்.

அதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செக்ரோல் (தோட்டத் தொழிலாளர் வருகைப் பதிவு), சம்பளம் போன்ற பழைய மென்பொருள்கள் பலவற்றை நிர்வாகி உரிமையுடன் திறக்கும்படி அமைத்திருப்பார்கள். சாதாரண உரிமையுடன் இயங்கும் நிரல், நிர்வாகி உரிமையுடன் இயங்கும் நிரலுக்குள் எட்டிப்பார்க்க விண்டோஸ் விடாது. பென்டிரைவில் உள்ள என்விடிஏ மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டு அந்த ஒரு சாளரத்தில் மட்டும் மௌனமாகிவிடுவது இதனால்தான். முறையாக நிறுவப்பட்ட என்விடிஏவுக்கு இந்தத் தடை இல்லை; ஆகவே அந்தக் கணினியில் ஒருமுறை நிறுவிவிடுங்கள், அல்லது மென்பொருளை எழுதியவரிடம் சொல்லி, அது தன் கோப்புகளைப் பயனரின் கோப்புறையில் எழுதும்படி மாற்றி, நிர்வாகி உரிமையே தேவைப்படாதவாறு செய்யச் சொல்லுங்கள்.